தேன் பாட்டில் பாதி காலி என்றாலும் பறிபோகும்

திருவனந்தபுரத்தில் வளைகுடாவுக்கு விமானம் ஏறுகிறீர்களா? மார்த்தாண்டம் தேன், தேங்காயெண்ணெய், மீன் ஊறுகாய் எல்லாவற்றையும் செக்-இன் பெட்டியில் போடுங்கள், பவர்பேங்கை மட்டும் கைப்பையில் வையுங்கள்.

கைப்பையில் திரவத்துக்கு 100 மில்லி வரைதான் என்ற விதியைச் சொன்னால், உள்ளே இருக்கும் அளவைத்தான் சொல்கிறார்கள் என்று பலரும் நினைக்கிறோம். அப்படியில்லை, கணக்கு பாட்டிலின் கொள்ளளவுக்கு. 200 மில்லி பாட்டிலில் அடியில் நாலு ஸ்பூன் எண்ணெய் இருந்தாலும் விடமாட்டார்கள். தேனும் ஊறுகாயும் திரவக் கணக்கில்தான் சேரும். பவர்பேங்க் நேர்மாறு: லித்தியம் பேட்டரி விமானத்தின் சரக்கறையில் தீப்பிடித்தால் யாரும் போய் அணைக்க முடியாது. அதனால் அது பெட்டியில் இருந்தால், ஸ்கேனில் தெரிந்ததும் உங்களைக் கூப்பிட்டுத் திறக்கச் சொல்வார்கள். வரிசையை விட்டு ஓட வேண்டும்.

நம்மூர்க்காரர்களுக்கு இன்னொன்று: கொப்பரைத் தேங்காயில் எண்ணெய் அதிகம், எளிதில் தீப்பற்றும். அதை செக்-இன் பெட்டியில் விடமாட்டார்கள், வீட்டிலேயே வைத்துவிடுங்கள். நேந்திரங்காய் சிப்ஸுக்குப் பிரச்சினை இல்லை.

குழந்தைக்கான பால், மருத்துவர் சீட்டோடு கூடிய மருந்து ஆகியவற்றுக்கு 100 மில்லி விதியில் விலக்கு உண்டு. உள்நாட்டு விமானத்தில் பொதுவாக இவ்வளவு கெடுபிடி இல்லை. ஆனால் பவர்பேங்க் எங்கே போனாலும் கைப்பையில்தான்.