தையல் கூலி பாக்கி வசூலான விதம்

திருப்பூரில் பனியன் தையல் யூனிட் நடத்தும் எனக்கு, ஓர் ஏற்றுமதி நிறுவனம் 6,40,000 ரூபாய் கூலியைத் தராமல், தையலில் குறை இருப்பதாகச் சொல்லி எட்டு மாதம் இழுத்தடித்தது. வணிக வழக்குத் தொடுத்தாலும், அவசர நிவாரணம் கோராத நிலையில், 2015ஆம் ஆண்டு வணிக நீதிமன்றங்கள் சட்டப்படி முதலில் சமரசத்துக்கே போக வேண்டும் என்றார் வழக்கறிஞர். குறு, சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவை முன்பே செய்திருந்ததால், பாக்கிப் புகார்களுக்கான அரசின் சமாதான் இணையதளம் வழியாகக் கோவையிலுள்ள குறு, சிறு தொழில் வசதியாக்க மன்றத்தில் மனு அளித்தேன்.

இந்த மன்றம் பின்பற்றும் 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, சரக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால் அதை ஏற்றுக்கொண்டதாகவே பொருள். பணத்தை அதிகபட்சம் 45 நாளுக்குள் தராவிட்டால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் ‘வங்கி விகிதம்’ என்ற வட்டி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டு வட்டியாக ஏறும். எண்ணெய்க் கறை படிந்த டெலிவரி சலான்களில் அவர்களுடைய குடோன் முத்திரையும், கையெழுத்தும், தேதியும் தெளிவாக இருந்தன. ஆட்சேபக் கடிதம் ஒன்றுகூட அவர்களிடம் இல்லை. சலானில் கையெழுத்து வாங்குவதில் என் மனைவி காட்டிய பிடிவாதம்தான் எங்களைக் காப்பாற்றியது.

மன்றத்தின் தீர்ப்பு வந்தபின் அதை நீதிமன்றத்தில் எதிர்க்க, தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டியிருக்கும் என்பதையும் அவர்கள் உணர்ந்திருக்க வேண்டும். இரண்டாம் அமர்விலேயே, வட்டியில் பாதியை நான் விட்டுக்கொடுக்க, அசல் முழுவதையும் மீதி வட்டியையும் மூன்று தவணைகளில் தருவதாக ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்திட்டார்கள். கடைசித் தவணையும் வந்து சேர்ந்துவிட்டது.