மறதியை மட்டும் தேடாதீர்கள்: வாஸ்குலர் டிமென்ஷியாவைக் கண்டறிவதில் நேரும் தவறுகள்

மலேசியாவின் பட்டர்வொர்த் துறைமுகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவர் என் அப்பா. ஸ்ட்ரோக்குக்குப் பிறகும் பேரப்பிள்ளைகள் பிறந்தநாள் ஒன்றுகூட அவருக்கு மறக்கவில்லை. ஆனால் தைப்பூசத்தன்று பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் கிளம்பும்போது, முதலில் குளிப்பதா, சட்டையை எடுத்து வைப்பதா என்று தெரியாமல் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். மறதிதான் இல்லையே என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

அந்தத் தவறைத்தான் பல வீடுகளில் செய்கிறோம். மூளைக்குப் போகும் ரத்தம் தடைபட்டோ கசிந்தோ யோசிக்கும் திறன் சரியும் நோய்தான் வாஸ்குலர் டிமென்ஷியா. இதில் மறதி பல நேரம் பின்னால்தான் தலைகாட்டும். அதற்கு முன்பே யோசனை மந்தமாகும், வரிசையாகச் செய்ய வேண்டிய வேலை குழம்பும், நடை தளரும், எதிலும் நாட்டம் போய்விடும், சம்பந்தமில்லாமல் அழுகை வரும்.

நிபுணர்களுக்கே இதில் ஒத்த கருத்து வர வெகுகாலம் ஆனது. இந்த நோயைக் கண்டறிய 1993-ல் வந்த நின்ட்ஸ்-ஏரென் என்ற வரையறையின்படி நினைவிழப்பு கட்டாயம் இருக்க வேண்டும். பிறகு பல நாட்டு நிபுணர்கள் டெல்ஃபி என்ற முறையில் ஒத்த கருத்தைத் தேடினார்கள். அந்த முறையில் ஒவ்வொருவரும் தனியாகப் பதில் எழுதுவார்கள், மொத்தக் கருத்தைப் பார்ப்பார்கள், மறுபடி எழுதுவார்கள். அப்படி உருவாகி 2017, 2018-ல் வெளிவந்த விக்ஸ் என்ற உடன்பாடு, நினைவிழப்பு இல்லாவிட்டாலும் நோய் இருக்கலாம் என்கிறது. திட்டமிடுதல், கவனம், மொழி என எல்லாவற்றையும் சோதிக்கச் சொல்கிறது. கேள்வி கேட்டு மதிப்பெண் போடும் சிறு சோதனைகளில், எம்.எம்.எஸ்.இ. என்பது திட்டமிடும் திறனை அவ்வளவாகத் தொடுவதில்லை. மோகா என்பது தொடும்.

எனக்கு அதைவிட மனவருத்தம் தந்தது மொழி. அப்பா தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர். சந்தையில் பேசும் மலாய் அவருக்கு நன்றாகவே வரும். ஒரு மருத்துவமனையில் சோதனை முழுவதையும் மலாயிலேயே நடத்தினார்கள். சொல்லச் சொன்ன சொற்களில் பாதி அவர் வாழ்க்கையில் புழங்கியதே இல்லை. பக்கத்தில் இருந்த என் மகள் பொறுக்க முடியாமல் விடை எடுத்துக் கொடுத்தாள். அந்த மதிப்பெண் நோயைக் காட்டியதா, மொழியைக் காட்டியதா, பேத்தியின் பாசத்தைக் காட்டியதா என்று யாராலும் சொல்ல முடியாது. தமிழில் சோதிக்க முடியுமா என்று தயங்காமல் கேளுங்கள். எத்தனை வருடம் படித்தார் என்பதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். படிப்பு குறைந்தவர்களுக்கென்றே மோகாவில் எளிய வடிவம் ஒன்று உண்டு. மூக்குக்கண்ணாடியும் காதுக் கருவியும் மறக்காமல் கூட வரட்டும்.

அப்புறம் ஸ்கேன். எம்.ஆர்.ஐ. தேவைதான், உடன்பாடும் அதைத்தான் முதன்மையாக வைக்கிறது. ஆனால் படத்தில் வெள்ளைத் திட்டு தெரிந்த உடனே டிமென்ஷியா என்று முடிவு கட்டக் கூடாது. நன்றாக இருக்கும் வயதானவர்களிடமும் அது சகஜம். அல்சைமர் நோயும் வாஸ்குலர் டிமென்ஷியாவும் ஒருவருக்கே சேர்ந்து வருவதும் உண்டு. ஸ்ட்ரோக் வந்து ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் முதல் நாட்களில் எடுக்கும் மதிப்பெண்ணையும் நம்பி உட்கார முடியாது. அப்போதைய குழப்பம் தானாகத் தெளியலாம். மனச்சோர்வு, தைராய்டு, பி12 குறைவு ஆகியவற்றையும் பார்த்துவிட வேண்டும்.

"எப்போது தொடங்கியது?" என்று டாக்டர் கேட்டபோது நாங்கள் நான்கு பேரும் நான்கு பதில் சொன்னோம். ஸ்ட்ரோக்குக்குப் பின் வந்த டிமென்ஷியா என்று வகைப்படுத்த, ஆறு மாதத்துக்குள் சரிவு தெரிந்திருக்க வேண்டும் என்கிறது அந்த உடன்பாடு. அந்தக் கணக்கு வீட்டாரிடம்தான் இருக்கிறது. இப்போது சீனர் மளிகைக் கடையில் கொடுத்த காலண்டரில் அம்மா எழுதி வைக்கிறார்: என்றைக்குத் தடுமாறினார், என்றைக்குச் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, ரத்தக் கொதிப்பு எவ்வளவு, இனிப்புநீர் (ரத்தச் சர்க்கரை) எவ்வளவு. போன முறை அந்தத் தாள்களைக் கிழித்து எடுத்துக்கொண்டு போனோம். டாக்டர் ஒவ்வொன்றாகப் புரட்டிப் படித்த பிறகுதான் அப்பாவிடம் பேச ஆரம்பித்தார்.