கலர் லேசர் பிரிண்டரில் கோடு, புள்ளி, வெளிறல்: டோனர் வாங்கும் முன் ஸ்கேலை எடுங்கள்

பிரிண்ட் கொஞ்சம் மங்கினால் போதும், நேரே ரிச்சி தெருவுக்குப் போய் நான்கு கலர் டோனரையும் (பிரிண்டரில் மைக்குப் பதிலாக இருக்கும் தூள்) வாங்கி வந்துவிடுவார்கள். டோனரை மாற்றிய பிறகும் அதே கோடு அதே இடத்தில் வரும். எந்த பாகம் கெட்டிருக்கிறது என்று முதலில் கண்டுபிடிப்போம்.

1. கம்ப்யூட்டரைத் தொடாமல், பிரிண்டரின் மெனுவில் இருந்தே டெஸ்ட் பேஜ் எடுங்கள். அது சுத்தமாக வந்தால் கோளாறு பெரும்பாலும் ஃபைலிலோ டிரைவர் செட்டிங்கிலோதான் இருக்கும். டோனர் மிச்சப்படுத்தும் மோடை யாராவது ஆன் செய்து வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

2. அப்புறம் பேப்பர். சென்னையில் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பிரித்துப் போட்ட ரீம் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டோனர் பேப்பருக்கு மாறுவது மின்னூட்டத்தால். பேப்பர் ஈரமாக இருந்தால் அந்த மின்னூட்டம் கசிந்துவிடும். அதனால் திட்டுத் திட்டாக வெளிறும், பேப்பரும் சுருளும். புது ரீம் பிரித்து நாலைந்து ஷீட் போட்டுப் பாருங்கள். சரியாகிவிட்டதா? இனி மீதி பேப்பரைக் கவரோடு இறுக்கி மூடி வையுங்கள்.

3. இன்னும் சரியாகவில்லை என்றால், டெஸ்ட் பேஜில் சியான், மஜந்தா, மஞ்சள், கருப்புப் பட்டைகளைத் தனித்தனியாகப் பாருங்கள். கோளாறு ஒரே கலரில் இருந்தால் அந்தக் கலரின் கார்ட்ரிட்ஜ், டிரம் (லேசர் படம் வரையும், டோனர் ஒட்டும் உருளை), இல்லையென்றால் லேசர் வரும் கண்ணாடியில் தூசி. நான்கிலும் ஒரே இடத்தில் இருந்தால் எல்லாக் கலருக்கும் பொதுவான டிரான்ஸ்ஃபர் பெல்ட்டையோ (டோனரைப் பேப்பருக்கு மாற்ற உதவும் பட்டை) ஃபியூசரையோ (டோனரைச் சூட்டில் ஒட்டவைக்கும் பாகம்) சந்தேகப்படுங்கள்.

4. இனி ஸ்கேல். ஒரே மாதிரிப் புள்ளியோ கறையோ பேப்பரின் நீளவாக்கில் திரும்பத் திரும்ப வருகிறதா? இரண்டுக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து பாருங்கள். உள்ளே உருளும் ஏதோ ஒன்றில் கீறலோ அழுக்கோ இருக்கிறது. அது ஒரு சுற்று சுற்றும்போதெல்லாம் பேப்பரில் ஒரு தடம் விழுகிறது. ஆகவே அந்த இடைவெளி பெரும்பாலும் அந்த உருளையின் சுற்றளவு. 30 மி.மீ. விட்டமுள்ள டிரம் என்றால் சுமார் 94 மி.மீ.க்கு ஒருமுறை வரும்; 24 மி.மீ. என்றால் சுமார் 75. உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் எந்த உருளைக்கு எவ்வளவு என்று அட்டவணை இருக்கும். யூகிக்கவே வேண்டியதில்லை.

5. விரலால் தேய்த்தால் எழுத்து அழிகிறதா? டோனர் என்பது பிளாஸ்டிக் கலந்த தூள். ஃபியூசரின் சூட்டில் உருகிப் பேப்பரில் ஒட்ட வேண்டும். ஆண்டர்சன் தெருவில் வாங்கிய கெட்டி அட்டையில் பத்திரிகை அடித்துவிட்டு, செட்டிங்கைச் சாதா பேப்பரிலேயே விட்டிருந்தால் அந்தச் சூடு போதாது. தடித்த பேப்பர் என்று மாற்றுங்கள். இங்க்ஜெட்டுக்கான போட்டோ பேப்பரை மட்டும் உள்ளே விடவே விடாதீர்கள். அதன் பூச்சு உருகி ஃபியூசரில் ஒட்டிக்கொண்டால் செலவு பெரிது.

6. எழுத்தின் ஓரத்தில் கலர் நிழல் தெரிந்தால் மெனுவில் கேலிபரேஷன் (கலர்களைச் சரியாகப் பொருத்தும் வசதி) ஓட்டுங்கள், பெரும்பாலும் அவ்வளவுதான். பேப்பர் முழுக்க லேசாகக் கலர் படர்ந்தால் தேய்ந்த டிரம்மோ பொருந்தாத ரீஃபில் தூளோ காரணமாக இருக்கலாம். கருப்புக்கு ரீஃபில் பரவாயில்லை. கலருக்கு நான் சொல்ல மாட்டேன்.

கார்ட்ரிட்ஜை வெளியே எடுக்கும்போது டிரம்மின் பளபளப்பான பரப்பைத் தொடாதீர்கள், வெயில் படவும் விடாதீர்கள். தூள் கொட்டினால் சாதாரண வேக்குவம் கிளீனர் வேண்டாம், ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். கையில் பட்டால் பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள். வெந்நீர் பட்டால் தூள் இளகி இன்னும் ஒட்டும்.

ஃபியூசரை நீங்களே கழற்ற வேண்டாம். மெக்கானிக்கைக் கூப்பிடும்போது எந்தக் கலர், எத்தனை மி.மீ. என்று சொல்லி, டெஸ்ட் பேஜை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். சரியான பாகத்தைக் கையோடு கொண்டு வந்துவிடுவார்.