குழாய் மூடியிருந்தும் ஓடிய பம்ப்

லங்காவியில் நங்கூரமிட்டிருந்தபோது, எங்கள் பாய்மரப் படகின் நன்னீர் பம்ப், எல்லாக் குழாய்களும் மூடியிருக்கையிலேயே சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஓரிரு நொடி ஓடி நிற்கத் தொடங்கியது. 12 வோல்ட்டில் இயங்கும் இவ்வகைப் பம்புகள், குழாயில் அழுத்தம் குறைந்ததும் அழுத்த சுவிட்சின் மூலம் தாமாக ஓடுபவை. ஆகவே அழுத்தம் எங்கோ இறங்குகிறது என்பது தெளிவு. படகின் அடித்தளத்தில் ஈரமில்லை. வெந்நீர்க் கலனின் பாதுகாப்பு வால்வு உட்பட ஒவ்வோர் இணைப்பிலும் டிஷ்யூ தாளைச் சுற்றிவைத்துப் பார்த்தும் தாள் நனையவில்லை.

பிறகு பம்பின் வெளிவாயை அடுத்துள்ள வால்வை மூடினேன். அப்போதும் பம்ப் விட்டுவிட்டு ஓடியதால், நீர் வெளியே கசியவில்லை, பம்புக்குள் இருக்கும் ஒருவழி வால்வு வழியாகத் தொட்டிக்கே திரும்புகிறது என்று உறுதியாயிற்று. (இந்த மூடும் வால்வு இல்லாத படகுகளில் ஒன்றைப் பொருத்திக்கொள்வது நல்லது, செலவு சொற்பம், ஊகிக்கும் வேலை மிச்சம்.) மின்சாரத்தைத் துண்டித்து, தலைப்பகுதியின் திருகுகளைக் கழற்றிப் பார்த்தால், ரப்பர் வால்வின் விளிம்புக்கு அடியில் கடுகளவு சுண்ணாம்புப் பொருக்கு ஒன்று சிக்கியிருந்தது. உறிஞ்சும் பக்கத்து வடிகட்டியின் வலை கிழிந்திருந்ததே அது உள்ளே நுழையக் காரணம். வலையை மாற்றி, வடிகட்டி மூடியின் ரப்பர் வளையத்தில் சிலிகான் கிரீஸ் தடவி மூடினேன். பெட்ரோலியம் ஜெல்லி சிலவகை ரப்பரை உப்பவைத்துவிடும் என்பதால் அதைத் தவிர்த்தேன். இப்போது குழாயைத் திறந்தால்தான் பம்ப் ஓடுகிறது.