ஆவணப்படம் பார்ப்போர் செய்யும் பிழைகள்

கேமராவில் பதிவானது எல்லாம் தானாகவே நிகழ்ந்தது என்று எண்ணிவிடுவதுதான் ஆவணப்படம் பார்ப்போர் செய்யும் முதல் தவறு. டிஸ்னி நிறுவனம் 1958-இல் வெளியிட்ட 'ஒயிட் வைல்டர்னஸ்' படத்தில், எலியை ஒத்த லெம்மிங் என்னும் சிறு விலங்குகள் கூட்டம் கூட்டமாகப் பாறை விளிம்பிலிருந்து நீரில் விழுந்து மடிகின்றன. ஆஸ்கர் விருது பெற்ற அப்படத்தைக் கண்டவர்கள், இவ்விலங்குகள் தற்கொலை செய்துகொள்ளும் என்றே நம்பினர். உண்மையில், அவை இயல்பாக வாழாத ஒரு பகுதிக்கு, அதுவும் கடலே இல்லாத கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்துக்கு, அவற்றை விலைக்கு வாங்கிக் கொண்டுவந்து தள்ளிவிட்டுத்தான் படம்பிடித்திருந்தனர். 1982-இல் கனடியத் தொலைக்காட்சி ஒன்று இதை அம்பலப்படுத்தியது.

இதை அறிந்தவுடன், 'எல்லாமே நாடகம்' என்று ஒட்டுமொத்தமாக ஒதுக்கிவிடுவது அடுத்த தவறு. என் கணிப்பில் இதுவே பெரியது. ராபர்ட் ஃபிளாஹர்ட்டியின் 'நானூக் ஆஃப் த நார்த்' (1922) படத்துக்காக, உள்ளே வெளிச்சம் போதாததால், ஒரு பக்கம் திறந்த பனிவீடு கட்டப்பட்டது. கனடாவின் வடகோடிப் பனிப்பகுதிப் பழங்குடியினரான, துப்பாக்கி பழகியிருந்த இனுயிட் மக்கள் அவருக்காக ஈட்டியால் வேட்டையாடினர். இரண்டும் ஏற்பாடுகளே என்றாலும், முன்னது கருவியின் குறையை ஈடுகட்டியது. பின்னதோ அம்மக்களின் நிகழ்காலத்தையே மறைத்தது. இவ்விரண்டையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது.

நடித்துக் காட்டிய காட்சி என்றாலே பொய் என்போர், எரோல் மோரிஸின் 'த தின் ப்ளூ லைன்' (1988) படத்தைப் பார்க்க வேண்டும். 1976-இல் டல்லாஸ் நகரில் காவலர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கில் ரேண்டல் ஆடம்ஸ் என்பவர் தண்டிக்கப்பட்டார். கொலை நடந்த இரவை மோரிஸ் ஒருமுறை அல்ல, சாட்சிகள் சொன்னபடியெல்லாம் திரும்பத் திரும்ப நடிக்கவைத்துக் காட்டுகிறார்; காட்சிகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகப்போக, எந்தச் சாட்சியை நம்புவது என்ற கேள்வி பார்ப்பவர் தலையில் விழுகிறது. படம் வெளிவந்த மறு ஆண்டு ஆடம்ஸ் விடுதலையானார்.

பின்னணி இசை எழுப்பிய உணர்ச்சியைச் சான்றாகக் கொள்வதும் ஒரு பிழையே. மனம் கனத்துப்போன காட்சியை ஒருமுறை ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்தால், அந்தக் கனத்தில் படக்காட்சிக்கு எவ்வளவு பங்கு, வயலினுக்கு எவ்வளவு பங்கு என்பது தெரிந்துவிடும்.