இடுப்பு மூட்டு மாற்றிய பின் தொடை மரத்துப்போனால்

எனக்கு இடுப்பு மூட்டு மாற்று அறுவை முன்பக்கமாக நடந்தது. அதன்பின் வலது தொடையின் வெளிப்புறம் மரத்துப்போய், புடவை உரசினாலே தீப்பட்டதுபோல் எரிந்தது. அந்த வழியாகப் போகும் தோல் நரம்பு அறுவையின்போது இழுபடுவதுண்டு. அது உணர்ச்சிக்கான நரம்பு மட்டுமே, கால் பலத்தைக் குறைக்காது. மருத்துவர் இதை விளக்கிய பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

காயம் நன்றாக ஆறியதும் தோலைப் பழக்குங்கள். முதலில் பஞ்சு, பிறகு பழைய வேட்டித் துணி, கடைசியில் சொரசொரப்பான துவாலை. தினமும் சில முறை, ஓரிரு நிமிடம், நல்ல தோலில் தொடங்கி மரத்த இடத்தை நோக்கி மெல்லத் தேய்க்க வேண்டும். பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டாதீர்கள். அந்த நரம்பு இடுப்பெலும்பின் முன்முனையை ஒட்டித்தான் இறங்குகிறது. வெந்நீர்ப் பை வேண்டவே வேண்டாம். சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும். காபாபென்டின் போன்ற நரம்புவலி மாத்திரையை நீங்களாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது.

நரம்பு வளர்வது நாளுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான். மாதக்கணக்கில் பொறுக்க வேண்டும். சிலருக்குச் சிறு திட்டு மரத்தே நின்றுவிடும். ஆனால் பாதத்தை மேலே தூக்க முடியாவிட்டாலோ, கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.