மந்திர வாளை மேஜைக்காகச் செய்யாதீர்கள்

தெர்மாகோலில் மூன்று நாள் செதுக்கிய யாளித் தலைமீது நேரடியாக ஸ்ப்ரே பெயிண்ட் அடித்தால், நிறம் பிடிப்பதற்குள் தலை குழிகுழியாகக் கரைந்துபோகும். மாணவர்கள் தங்கள் குறும்படங்களுக்காக வாள், கிரீடம் போன்ற பொருட்களைக் கையால் செய்யும்போது நான் அதிகம் பார்த்த விபத்து இதுதான். ஸ்ப்ரேயில் இருக்கும் கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடுகிறது. ரப்பர் பசையும் அப்படியே. ஃபெவிகாலில் நனைத்த செய்தித்தாள் துண்டுகளை இரண்டு மூன்று அடுக்காக ஒட்டி, காய்ந்தபின் அக்ரிலிக் வண்ணத்தைத் தூரிகையால் பூசுங்கள். அவசரத்தில் எல்லா அடுக்கையும் ஒரேயடியாக ஒட்டினால் மேலே காய்ந்து உள்ளே ஈரம் தங்கும், பூஞ்சை பிடிக்கும். மழைக்காலத்தில் ஓர் அடுக்கு காயவே ஒரு நாளுக்கு மேல் ஆகலாம். படப்பிடிப்புக்கு முந்தைய இரவில் வேலையைத் தொடங்குவதுதான் பாதித் தவறுகளுக்கு வேர்.

அடுத்தது பளபளப்பு. கடையில் வாங்கிய தங்க வண்ணத்தை அப்படியே பூசிய கிரீடம் மேஜைமேல் அழகாக இருக்கும். விளக்கு பட்டதும் கேமராவில் வெறும் வெள்ளைத் திட்டாகத் தெரியும். முதலில் மங்கலான கறுப்பு. அதன்மேல், வண்ணத்தைத் துணியில் துடைத்தெடுத்த உலர்ந்த தூரிகையால் விளிம்புகளிலும் மேடுகளிலும் மட்டும் உலோக நிறம். பிறகு நீர்த்த பழுப்பு வண்ணத்தைப் பள்ளங்களில் ஓடவிட்டு, மேலாகத் துடைத்துவிடுங்கள். பழமையைக் காட்டுவதாக நினைத்து வாள் முழுக்க அழுக்கு பூசுகிறார்கள், அது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. பிடித்துப் பிடித்துப் பழகிய வாளில் கைப்பிடி வழுவழுப்பாகத் தேய்ந்திருக்கும், அழுக்கு கைப்பிடிக்கும் அலகுக்கும் நடுவிலுள்ள காப்புத் தகட்டின் மூலையில் சேரும், கீறல்கள் வெட்டும் விளிம்பில் இருக்கும். அந்த வாளை யார், எத்தனை வருடம், எந்தக் கையால் பிடித்தார் என்று யோசித்த பிறகே தூரிகையை எடுங்கள்.

எடையையும் மறந்துவிடுகிறோம். தெருக்கூத்து வகையான கட்டைக்கூத்தின் கலைஞர்கள் அணியும் கிரீடமும், தோளில் கட்டும் புஜக்கட்டையும் எடை குறைந்த கல்யாண முருங்கை மரத்தில் செய்யப்படுபவை. இரவு முழுக்க அவற்றை அணிந்து ஆட வேண்டுமே! நம் நடிகரும் பத்துப் பதினைந்து டேக் நடிக்க வேண்டும். செய்யும்போதே அவர் தலையில் வைத்து, குனியச் சொல்லி, ஓடச் சொல்லிப் பாருங்கள். அந்தக் கிரீடங்களின் கண்ணாடிச் சில்லுகளை மட்டும் யோசிக்காமல் நகலெடுக்காதீர்கள். மேடையில் அவை ஒளியை வாரி இறைக்கும். அண்மைக் காட்சியிலோ விளக்கையும் கேமராவையும் காட்டிக்கொடுக்கும்.

முக்கியமான பொருள் எதையும் ஒன்றே ஒன்றாகச் செய்யாதீர்கள். அண்மைக் காட்சிக்கு நுணுக்கமான வாள் ஒன்று, சண்டைக்கு ஈவா ஷீட் என்னும் நுரைத் தாளில் செய்த மெத்தென்ற வாள் ஒன்று. உடைய வேண்டிய பொருள் என்றால் டேக் கணக்குப் பார்த்துச் செய்யுங்கள். ஒவ்வொரு காட்சி முடிந்ததும் பொருளைப் படம் எடுத்து வையுங்கள். கீறல் இடம் மாறினால் பார்வையாளர் கண்டுபிடித்துவிடுவார்.

பிவிசி குழாயைச் சூடாக்கி வளைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். சற்றுக் கூடுதலாகக் கருகினாலும் வரும் புகை நுரையீரலை அரிக்கும். தெர்மாகோல் அருகே நிஜத் தீப்பந்தம் வேண்டவே வேண்டாம், எல்இடி போதும். பொது இடத்தில் வாள்களோடு படமெடுப்பதாக இருந்தால் முன்கூட்டியே காவல் நிலையத்தில் சொல்லிவிடுங்கள். வாள்களைத் துணியில் சுற்றியே எடுத்துச் செல்லுங்கள்.